ரயிலுக்கு மட்டும் ஏன் கேள்வி இல்லை? வடசென்னையை முன்வைத்து ஒரு விமர்சனம்

2025 மார்ச் 14ஆம் தேதி தமிழக பட்ஜெட்டில் மூன்று மண்டல அதிவேக ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்போவதாக அறிவித்தார்கள். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டர். சென்னை, காஞ்சிபுரம், வேலூர் 140 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் 185 கிலோமீட்டர். டெல்லி–மீரட் தடத்தின் மாதிரியில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். செய்தியைப் படித்ததும் என் கண் போனது பட்டியலில் இல்லாத திசைக்குத்தான். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று துறைமுகமும் சிப்காட்டும் அனல்மின் நிலையமும் வரிசை கட்டி நிற்கிற வடக்குப் பக்கம் ஒரு கோடுகூட இல்லை.

இது ஒரு குறை. ஆனால் இந்தக் குறிப்பு அதைப் பற்றியது இல்லை. "எங்களுக்கும் ஒரு ரயில் வேண்டும்" என்று கேட்க வடசென்னையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதற்கு முந்தைய கேள்வி. இந்த நாட்டில் ஒரு புதிய பயணிகள் ரயில் பாதை வருகிறது என்றால் அது எங்கே வரணும், யாரைத் தொடும், எதைக் கெடுக்கும், வேறு வழி இருக்கா என்று ஊர்க்காரர்கள் முன்னால் வைத்துப் பேச வேண்டிய சட்டக் கட்டாயம் இருக்கிறதா? சுருக்கமான பதில்: கிட்டத்தட்ட இல்லை.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல்தான் இந்தியாவில் கட்டாயமானது. இப்போது நடைமுறையில் உள்ளது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதன் பட்டியலில் விமான நிலையம் இருக்கிறது. துறைமுகம், நெடுஞ்சாலை இருக்கின்றன. மலைமேல் ஓடும் ரோப்கார்கூட இருக்கிறது. ரயில் பாதை இல்லை. 1994 பட்டியலிலும் இல்லை. 2015இல் டெல்லி மெட்ரோ தொடர்பான ஒரு வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மெட்ரோவும் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற தலைப்பின்கீழ் வரும், அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தது. விவகாரம் மேல் நீதிமன்றம் போனது. பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. இதற்கு மேல் 1989 ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு வேறு: மற்ற சட்டங்களில் என்ன சொல்லியிருந்தாலும் ரயில்வே தன் கட்டுமான வேலைகளைச் செய்யலாம் என்று தொடங்குகிற பிரிவு அது.

"காடு வந்தால் கேட்பார்களே" என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். வன நிலம், சரணாலயம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறுக்கிட்டால் அந்தந்தச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். 2022 மே மாதம் கோவா எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பாதையை இரட்டிப்பாக்கக் கொடுத்திருந்த வனவிலங்கு வாரிய ஒப்புதலை உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் காட்டின் பெயரில், கடற்கரையின் பெயரில் வருகிறவை. தண்டையார்பேட்டையில் காடு கிடையாது. அங்கே இருப்பது வீடு, கடை, பட்டறை, பள்ளிக்கூடம். அவற்றின் பெயரில் கேட்க ஒரு வாசல் வேண்டுமென்றால் அது சமூகத் தாக்க மதிப்பீடுதான்.

அதன் கதை இன்னும் விசித்திரம். 2013 நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை பதின்மூன்று பழைய சட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது. ரயில்வே சட்டமும் 1978 மெட்ரோ கட்டுமானச் சட்டமும் அதில் உண்டு. தமிழ்நாடு தன் பங்குக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, 1997 தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது பெரும்பாலும் இந்த 1997 சட்டம்தான். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் அந்தச் சட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டுத் தொகை புதிய சட்டத்தின்படி உயர்ந்தது, அதை மறுக்கவில்லை. உயராதது ஒன்று: "இந்தத் திட்டம் இங்கே வேண்டுமா?" என்று கேட்கும் உரிமை. பணம் பேசலாம், பாதை பேச முடியாது.

இதற்கு அரசுத் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை ஏளனம் செய்யக்கூடாது. ரயில் சுத்தமான வாகனம். ஒரு லாரியோ காரோ எரிக்கிற டீசலில் ஒரு சிறு பங்குதான் அதே ஆளையோ சரக்கையோ ரயிலில் கொண்டுபோக ஆகும். சாலைக்கு மாற்றாக வரும் ஒன்றை, சாலைக்குக் கொடுக்கும் அதே தடை ஓட்டத்தில் ஏன் நிறுத்த வேண்டும்? நானும் ரயில் கட்சிதான். ஆனால் இந்த வாதம் "ரயில்" என்ற பொதுப்பெயருக்குத்தான் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட பாதை பொதுப்பெயரில் ஓடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட தெருவில், ஒரு குறிப்பிட்ட கால்வாய் ஓரத்தில் ஓடுகிறது.

கால்வாய் என்றதும் சென்னைக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வர வேண்டியது பறக்கும் ரயில். 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை. நிலம் எடுக்கும் தலைவலி வேண்டாம் என்று பெரும்பகுதியைப் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் தூண் நிறுத்திக் கட்டினார்கள். திருமயிலைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு காலத்தில் படகு போன கால்வாய் தூண்களுக்கு நடுவில் ஒதுங்கி நிற்கிறது. மழைநீர் வடிய வேண்டிய வழி அது. முதல் கட்டம் திட்டமிட்டபோது மதிப்பீட்டு விதியே இல்லை. இரண்டாம் கட்டம் நடந்தபோது விதி இருந்தது, அதில் ரயில் இல்லை. ஓடும் வண்டி புகை விடாததுதான். ஆனால் அதன் தூண் எங்கே நிற்கிறது என்பதும் சுற்றுச்சூழல் கேள்விதானே? அந்த ஒரு கேள்வியை ஒருவர் எழுத்தில் கேட்டு, இன்னொருவர் எழுத்தில் பதில் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது வடக்கே வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதே இங்கிருந்துதான். 1856 ஜூன் 28இல் ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தவர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. ஜூலை 1 முதல் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. அந்த ராயபுரத்துக்கு அடுத்த பெரிய பயணிகள் திட்டம் பக்கத்து வண்ணாரப்பேட்டை வழியாக வந்தது: விம்கோ நகர் வரைக்குமான மெட்ரோ நீட்டிப்பு. 2016இல் அடிக்கல், 2021 பிப்ரவரி 14இல் திறப்பு. சுமார் 9 கிலோமீட்டர், 3,770 கோடி ரூபாய். தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் சுரங்க நிலையங்கள், அதற்கு வடக்கே எல்லாம் மேம்பாலப் பாதை. திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் டெப்போவும் 2022 மார்ச்சில் சேர்ந்தன.

இந்த நீட்டிப்பால் நன்மை இல்லை என்று சொன்னால் திருவொற்றியூரில் அடிக்க வருவார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் தொங்கியவர்களுக்கு, வண்டி மாறாமல் சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் போவது பெரிய விடுதலை. என் கேள்வி வேறு. ஒரு முறையான மதிப்பீடு நடந்திருந்தால், திறந்த அரங்கில், தமிழில், என்னென்ன பேசியிருப்பார்கள்?

முதலாவது, மாற்று வழி. உலகத்தில் எந்த நாட்டுச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை எடுத்தாலும் அதன் இதயம் அந்த அத்தியாயம்தான். இங்கே மாற்று என்பது கற்பனை இல்லை, கண்ணெதிரே தண்டவாளமாகக் கிடக்கிறது. மெட்ரோவுக்குக் கொஞ்சம் மேற்கே, ஏறக்குறைய இணையாக, கும்மிடிப்பூண்டி புறநகர் பாதை ஓடுகிறது: கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், அதைத் தாண்டிக் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. சில நிலையங்களின் பெயர்கூட ஒன்றுதான். புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. சீசன் டிக்கெட் எடுத்தால் இடைவெளி இன்னும் விரியும். அதே 3,770 கோடியில் ஒரு பகுதியைப் புறநகர் பாதையில் போட்டிருந்தால் எத்தனை வண்டி கூடியிருக்கும், எத்தனை நடைமேம்பாலம் வந்திருக்கும், விம்கோ நகருக்கு வடக்கே இருக்கிறவர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? ஒருவேளை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் மெட்ரோதான் ஜெயித்திருக்கும். இருக்கட்டும். அந்தக் கணக்கு ஊர் முன்னால் போடப்பட வேண்டியது என்பதுதான் என் வாதம். புறநகர் ரயில் மத்திய அரசின் ரயில்வேயிடம், மெட்ரோ மத்திய மாநிலக் கூட்டு நிறுவனத்திடம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

இரண்டாவது, மண். தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அடுத்த சில ஆண்டுகளில் அதே தண்டையார்பேட்டையில் சுரங்க நிலையம் தோண்டினார்கள். தோண்டும்போது ஊற்றுநீரை வெளியே இறைக்க வேண்டும், மண்ணை எங்கேயோ கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த நீரைச் சோதித்தார்களா, அந்த மண் எந்தத் தாழ்வான நிலத்துக்குப் போனது என்று ஒரு குடியிருப்புவாசி கேட்கவும் பதில் வாங்கவும் சட்டப்படியான ஓர் அரங்கு இருந்திருக்க வேண்டும். வேறு ஊரில் இது சாதாரண விவரம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது பக்கத்து மணலிக்கு 76.32 கொடுத்தது, 70க்கு மேல் போனாலே மிக மோசமாக மாசடைந்த பகுதி. அப்படிப்பட்ட வட்டாரத்தில் மண்ணைக் கிளறுவது சாதாரண விவரம் ஆகாது.

மூன்றாவது, சரக்கு. வடக்குப் பாதையில் பயணி தனியாகப் போவதில்லை. காமராஜர் துறைமுகம் 2001இல் திறந்ததே அனல்மின் நிலையங்களின் நிலக்கரிக்காக. பிறகு கன்டெய்னரும் காரும் சேர்ந்தன. சரக்கு ரயில்களும் வெளியூர் எக்ஸ்பிரஸ்களும் ஆபீஸ் போகிறவர்களின் மின்சார ரயிலும் பங்கு போட்டுக்கொள்வது ஒரே வழித்தடத்தை. சரக்கை நகரத்துக்குள் வராமல் திருப்ப அத்திப்பட்டு–புத்தூர் புதிய பாதை 2008–09 ரயில்வே பட்ஜெட் காலத்திலேயே ஒப்புதல் பெற்றது. 88 கிலோமீட்டர். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ரயில் ஓடவில்லை. நிலமெடுப்பில் சிக்கிக் கிடக்கிறது. பார்த்தீர்களா, மதிப்பீட்டை விலக்கிவிட்டால் வேகமாக வேலை நடக்கும் என்பதுதான் விலக்குக்கு ஆதரவான பெரிய வாதம். விலக்கு இருந்தும் இது நகரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை ஆரம்பத்தில் கேட்காவிட்டால் அது காணாமல் போவதில்லை, நில அளவைக்காரர் வயலில் இறங்கும் நாளில் எழுந்து நிற்கிறது.

கேரளத்தின் சில்வர்லைன் இதற்குப் பெரிய பாடம். திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், சுமார் 64,000 கோடி. சட்டப்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. ஒரு விரைவு ஆய்வு நடந்தது. ஆனால் விரிவான திட்ட அறிக்கை மக்கள் கையில் கிடைத்தது 2022 ஜனவரியில்தான், பெரிய சண்டைக்குப் பிறகு. அதற்குள் மஞ்சள் எல்லைக்கல் நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மக்கள் கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மாநில அரசே நிலமெடுப்புப் பணியாளர்களைத் திரும்பப் பெற்றது. அறிக்கை முதலில், கல் பிறகு என்று வரிசையை மாற்றியிருந்தால் திட்டம் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பிழைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மதிப்பீடு நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது. மூன்று தடம், 118.9 கிலோமீட்டர். ஜப்பானின் ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு வங்கி எல்லாம் கடன் கொடுக்கும்போது சுற்றுச்சூழல், மறுகுடியமர்வு ஆவணங்கள் கேட்பார்கள். அவை அந்த வங்கிகளின் இணையதளத்தில் கிடைக்கும். பொறுமையாகப் படித்தால் பல இடங்களில் உருப்படியான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்குப் பதில் சொல்கிற ஆவணம் அது? கடன் கொடுப்பவருக்கு. எந்த மொழியில்? பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாதவரத்துக்காரர் தன் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள மணிலாவிலும் பெய்ஜிங்கிலும் உள்ள வங்கியின் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்காமல் சொந்தக் காசில் கட்டினால் அந்த ஆவணமும் இருக்காது. ஊர்க்காரரின் உரிமை வட்டிக்குக் கூட வந்த இலவச இணைப்பாக இருக்கக்கூடாது.

இந்த இடத்தில் எனக்கு எதிராக ஒரு கேள்வி எழும், அதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. எண்ணூரில் சுற்றுச்சூழல் மதிப்பீடு நடக்காத தொழிற்சாலையா? அனல்மின் நிலையமும் துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பும் அனுமதி, நிபந்தனை, ஆறுமாத அறிக்கை என்று எல்லாக் காகிதத்தோடும்தான் ஓடுகின்றன. என்ன ஆனது? கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கி மீனவர்களின் வலையையும் படகையும் நாசமாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதிப்பீடு அதிகமாக நடந்த ஊரே அதனால் மிகக் குறைவாகக் காப்பாற்றப்பட்ட ஊராகவும் இருக்கிறது. பிறகு எந்த முகத்தோடு "ரயிலுக்கும் அதையே கொடு" என்று கேட்பது?

அப்படியே கேட்கக்கூடாது என்பதுதான் என் நிலை. இப்போதுள்ள முறையில் திட்டத்தை முன்மொழிகிறவரே காசு கொடுத்து ஆலோசகரை வைத்து அறிக்கை எழுதுகிறார். ஒவ்வொரு ஆலையும் தன் புகைக்கூண்டை மட்டும் கணக்கு காட்டுகிறது, மொத்தப் புகையை யாரும் கூட்டுவதில்லை. கருத்துக்கேட்பு என்பது முடிவெடுத்த பிறகு நடக்கும் சடங்கு. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் அறிவித்த கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் ரத்தானது. கூட்டத் தேதிக்காகவே ஊர் தயாராகிக் களைத்துப்போகிறது. மறுபக்கம் காகிதத்தைக் குவித்தாலும் பயனில்லை. பிரிட்டனின் லண்டன்–பர்மிங்காம் அதிவேக ரயிலுக்கு 2013இல் தாக்கல் செய்த சுற்றுச்சூழல் அறிக்கை ஏறத்தாழ 50,000 பக்கம். செலவு கட்டுக்கடங்காமல் போய், அதன் வடக்குக் கிளையை 2023 அக்டோபரில் ரத்தே செய்துவிட்டார்கள். யார் படித்திருப்பார்கள் அந்த ஐம்பதாயிரம் பக்கத்தை?

ஆகவே நான் கேட்பது சின்ன, ஆனால் பல் உள்ள ஒரு மதிப்பீடு. மூன்று அத்தியாயம் போதும். ஒன்று, மாற்று வழிகள்: இருக்கிற தண்டவாளத்தைப் பலப்படுத்துவது, பஸ்ஸைக் கூட்டுவது, பாதையை ஒரு தெரு தள்ளுவது எல்லாம் எவ்வளவு ஆகும், யாருக்கு எவ்வளவு பயன். இரண்டு, மொத்தச் சுமை: அந்த வட்டாரம் ஏற்கெனவே சுமப்பது என்ன, இந்தத் திட்டம் அதில் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும். லாரியைக் குறைக்கிற ரயில் என்றால் அந்தக் குறைவும் கணக்கில் வரட்டும், ரயிலுக்கு லாபம்தான். மூன்று, பின்கணக்கு: திறந்து மூன்று வருஷம் கழித்து, சொன்ன பயணிகள் வந்தார்களா, சொன்ன நிபந்தனை நடந்ததா என்று வேறொருவர் சரிபார்த்து எழுதுவது. எல்லாம் தமிழில், வார்டு அலுவலகத்தில் கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி, பாதையை இறுதி செய்வதற்கு முன்னால், ஆறு மாதத்துக்குள். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாநில அரசு நினைத்தால் தன் திட்டங்களுக்குத் தானே விதித்துக்கொள்ளலாம்.

வடசென்னைக்கு இதில் என்ன பணயம் என்றால், நம்பிக்கை. இந்த வட்டாரத்துக்கு வந்த ஒவ்வொரு பெரிய திட்டமும் "நாட்டுக்கு நல்லது" என்ற பெயரில்தான் வந்தது, ஊருக்கு மிஞ்சியது தூசி. ரயில் ஒன்றுதான் நாட்டுக்கும் ஊருக்கும் சேர்த்து நல்லது செய்யக்கூடிய திட்டம். அதையும் கேட்காமல், சொல்லாமல், வரைபடத்தை நேராகக் கொண்டுவந்து விரித்தால், ஜனங்கள் அதையும் துறைமுகம், சாம்பல் குளம் வரிசையில் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது.

மூன்று மண்டலத் தடங்களின் சாத்தியக்கூறு அறிக்கைகள் என்றைக்காவது பொதுவில் வந்தால், அவற்றைப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகமும் செலவும் பத்திரிகையில் வந்துவிடும், அதற்காக மெனக்கெட வேண்டாம். நேராக மாற்று வழிகள் பற்றிய பக்கத்துக்குப் போங்கள். அங்கே எத்தனை வழிகளை ஒப்பிட்டிருக்கிறார்கள், ஏற்கெனவே ஓடும் புறநகர் பாதை அதில் ஒன்றா, நிராகரித்ததற்குக் காரணம் எண்ணில் இருக்கிறதா அல்லது ஒரு வரியில் முடிந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். வடக்குக்கு ஒரு தடம் என்றாவது வரைந்தாலும் அதே பக்கத்தைத்தான் முதலில் தேடப்போகிறேன்.